பென்சைல் ஆல்கஹால்: தன்மை, தயாரிப்பு, பயன்பாடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சைல் ஆல்கஹால் என்றால் என்ன?

பென்சீன் வளையம் ஒன்று, அதிலிருந்து நீளும் ஒரே ஒரு கார்பன், அந்தக் கார்பனின் நுனியில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. இவ்வளவுதான் அமைப்பு. ஏழு கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். மூலக்கூறு நிறை 108.14. முறைப்படியான பெயர் பீனைல்மெத்தனால். இலங்கைப் பாடநூல் வழக்கில் பென்சைல் அற்ககோல். இதே அணுக்கணக்கில் இன்னும் நான்கு அரோமேட்டிக் சேர்மங்கள் உண்டு: அனிசோலும் மூன்று கிரெசால்களும். தேர்வில் மாற்றியங்களை எழுதச் சொன்னால் ஐந்தையும் எழுத வேண்டும்.

ஹைட்ராக்சில் தொகுதி வளையத்தில் நேராக ஒட்டாமல் ஒரு கார்பன் தள்ளி நிற்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பெரும்பாலான பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

அரோமேட்டிக் ஆல்கஹால் என்பதால் நல்ல வாசனை வருமா?

வேதியியலில் அரோமேட்டிக் என்பது வளையத்தின் எலக்ட்ரான் அமைப்பைக் குறிக்கும் சொல். வாசனைக்கும் அதற்கும் இன்று தொடர்பில்லை. புதிதாக வடித்த தூய பென்சைல் ஆல்கஹாலுக்கு மிக மெல்லிய, லேசான இனிப்பு மணம் மட்டுமே இருக்கும். பாட்டிலைத் திறந்ததும் மல்லிகை மணக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆனால் மல்லிகைக்கும் இதற்கும் உறவு உண்டு. மதுரை மல்லி, பிச்சி போன்ற பூக்களின் மணத்தில் பென்சைல் ஆல்கஹால் இருக்கிறது. மூக்கில் முதலில் ஏறும் அந்த இனிப்பு மணம் பெரும்பாலும் அதன் எஸ்டரான (ஆல்கஹால் அமிலத்தோடு சேர்ந்து உருவாகும் சேர்மம்) பென்சைல் அசிட்டேட்டுடையது. அதோடு லினலூலும் இண்டோலும் சேர்ந்தால்தான் மல்லிகை மல்லிகையாகிறது. ரோஜா மணத்துக்குரிய பினெத்தில் ஆல்கஹால் இதைவிட ஒரு கார்பன் நீளமானது. அது வேறு பொருள், இரண்டையும் குழப்பக் கூடாது.

ஃபீனாலும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதானே?

இல்லை. ஃபீனாலில் ஹைட்ராக்சில் தொகுதி வளையத்திலேயே ஒட்டியிருக்கிறது. புரோட்டான் போன பிறகு மிஞ்சும் எதிர்மின்சுமையை வளையம் பகிர்ந்துகொள்வதால் அது அமிலத்தன்மை காட்டுகிறது. அதன் பிகேஏ மதிப்பு (அமில வலுவின் அளவு; எண் குறைந்தால் வலு அதிகம்) சுமார் 10. பென்சைல் ஆல்கஹாலில் இடையிலுள்ள கார்பன் அந்தப் பகிர்வைத் தடுத்துவிடுகிறது. ஆகவே மதிப்பு 15.4, ஏறத்தாழ மெத்தனால் அளவு.

ஆய்வகத்தில் பிரித்தறிவது சுலபம். நடுநிலை ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சொட்டுங்கள். ஃபீனால் ஊதா நிறம் கொடுக்கும், பென்சைல் ஆல்கஹால் கொடுக்காது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஃபீனால் உப்பாகிக் கரையும். இது வெறும் நீரில் கரையும் அளவே கரையும்.

இயற்பியல் பண்புகளைச் சொல்லுங்கள்.

நிறமற்ற, சற்றே எண்ணெய்ப் பாங்கான திரவம். கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், உறைநிலை மைனஸ் 15. அடர்த்தி மி.லி.க்கு சுமார் 1.045 கிராம். 20 டிகிரியில் ஒளிவிலகல் எண் 1.540. தூய்மையை விரைவாகச் சோதிக்க இந்த ஒளிவிலகல் எண் மிக உதவும். மூன்றாம் தசமத்திலேயே கலப்படம் காட்டிக்கொடுக்கும்.

டொலுவீன் 111 டிகிரியில் கொதிக்கிறது, இது 205 டிகிரி வரை தாங்குகிறது. ஒரே ஓர் ஆக்சிஜன் கூடியதற்கு இத்தனை வேறுபாடு. மூலக்கூறுகளுக்கிடையே உருவாகும் ஹைட்ரஜன் பிணைப்பே காரணம்.

நீரில் கரையும் அளவு 100 மி.லி.க்கு சுமார் 4 கிராம். எத்தனால், ஈதர், குளோரோஃபார்ம் ஆகியவற்றில் எந்த விகிதத்திலும் கலக்கும். 50 மி.லி. தண்ணீரில் 5 மி.லி. பென்சைல் ஆல்கஹாலை ஊற்றிப் பாருங்கள். நீரைவிடக் கனமானதால் துளிகள் நேராக அடிக்குப் போய்ப் படியும். குலுக்கினால் மோர் போல வெளுக்கும். சிறிது நேரம் வைத்தால் மேலே தெளிந்து, அடியில் ஏறத்தாழ 3 கிராம் கரையாமல் தங்கும். பிரிபுனலில் கீழ் அடுக்கு எது, மேல் அடுக்கு எது என்று தடுமாறுபவர்கள் இதை ஒரு முறை செய்து பார்த்தால் பிறகு மறக்க மாட்டார்கள்.

ஓரிணைய ஆல்கஹால்தானே, லூகாஸ் சோதனையில் ஏன் உடனே கலங்குகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. லூகாஸ் காரணி என்பது அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நீரற்ற துத்தநாகக் குளோரைடும் சேர்ந்தது. எத்தனால் போன்ற ஓரிணைய ஆல்கஹால்கள் (ஹைட்ராக்சில் உள்ள கார்பனோடு அதிகபட்சம் ஒரே ஒரு கார்பன் இணைந்தவை; மூன்று இணைந்தால் மூவிணையம்) அறை வெப்பநிலையில் இதோடு கலங்குவதில்லை. பென்சைல் ஆல்கஹாலில் ஹைட்ராக்சில் தொகுதி விலகியதும் உருவாகும் கார்பன் நேரயனியின் மின்சுமையை வளையம் உடனிசைவால், அதாவது தனக்குள் பரப்பிப் பகிர்ந்து, தாங்கிக்கொள்கிறது. அதனால் அந்த அயனி எளிதில் உருவாகிறது, பென்சைல் குளோரைடு பிரிந்து கரைசல் கலங்குகிறது. "உடனே கலங்கினால் மூவிணையம்" என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் இங்கே தவறான விடைதான் வரும்.

கலங்கிய அந்தக் குழாயை முகர்ந்து பார்க்காதீர்கள். பென்சைல் குளோரைடு கண்ணைக் கடுமையாக எரியச் செய்யும்.

ஆய்வகத்தில் தயாரிப்பது எப்படி?

கற்பித்தலுக்கு ஏற்றது கன்னிசாரோ வினை. இத்தாலிய வேதியியலர் ஸ்டானிஸ்லாவோ கன்னிசாரோ 1853-இல், கசப்பு வாதுமை எண்ணெயிலிருந்து கிடைத்த பென்சால்டிஹைடைப் பொட்டாஷுடன் சேர்த்து இதைக் கண்டறிந்தார். பென்சால்டிஹைடில் ஆல்பா ஹைட்ரஜன் (ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ரஜன்) இல்லை. அதனால் அடர் காரத்தில் இரண்டு ஆல்டிஹைடுகள் கார்பன் வழியே இணையும் ஆல்டால் வழியில் போக இயலாமல், ஒரு மூலக்கூறு தன் ஹைட்ரைடை (எதிர்மின்சுமையுள்ள ஹைட்ரஜனை) இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்தது பென்சோயேட் ஆகிறது, வாங்கியது பென்சைல் ஆல்கஹால் ஆகிறது.

29 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை 27 மி.லி. நீரில் கரைத்து, பனிக்கட்டித் தொட்டியில் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். கரையும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடேறும்; கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அதை 250 மி.லி. கூம்புக் குடுவையில் ஊற்றி, புதிதாக வடித்த பென்சால்டிஹைடு 30 கிராம் (சுமார் 29 மி.லி.) சேர்த்து, ரப்பர் அடைப்பானால் மூடிக் குலுக்குங்கள். கெட்டியான, வெண்ணெய் போன்ற பால்மம் (எண்ணெயும் நீரும் நுண்துளிகளாகக் கலந்த கலவை) வரும்வரை நிறுத்தக் கூடாது. பிறகு ஓர் இரவு, முடிந்தால் 24 மணி நேரம், அப்படியே வைத்துவிடுங்கள். காலையில் குடுவை முழுக்க வெள்ளைக் கூழாக இருக்கும். அது பொட்டாசியம் பென்சோயேட்.

சுமார் 100 மி.லி. நீர் சேர்த்துக் கூழைக் கரைத்து, பிரிபுனலில் மாற்றி, 30 மி.லி. ஈதரால் மூன்று முறை பிரித்தெடுங்கள். ஆல்கஹால் ஈதரில் இருக்கும், பென்சோயேட் நீரில் தங்கும். ஈதர் பகுதிகளை ஒன்று சேர்த்து, நிறைவுற்ற சோடியம் பைசல்பைட் கரைசல் 10 மி.லி.யால் இரண்டு முறையும், 10 சதவீத சோடியம் கார்பனேட் 15 மி.லி.யால் ஒரு முறையும், கடைசியில் நீராலும் கழுவுங்கள். நீரற்ற மெக்னீசியம் சல்பேட்டில் உலர்த்தி வடிகட்டி, வெந்நீர்த் தொட்டியில் ஈதரை ஓட்டுங்கள். பக்கத்தில் எங்கும் சுடர் இருக்கக் கூடாது. எஞ்சியதைக் காற்றுக் குளிர்விப்பானுடன் வடித்து, 203 முதல் 206 டிகிரி வரை வருவதைச் சேகரியுங்கள்.

கணக்குப்படி 15.3 கிராம் வரலாம். 13 கிராம் கிடைத்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

நீர்ப் பகுதியைக் கொட்டிவிடாதீர்கள். 80 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 80 மி.லி. நீர், 100 கிராம் நொறுக்கிய பனிக்கட்டி சேர்ந்த கலவையில் அதைக் கலக்கிக்கொண்டே ஊற்றினால் பென்சாயிக் அமிலம் வெள்ளையாக வீழ்படியும். வெந்நீரில் மறுபடிகமாக்கினால் 122 டிகிரியில் உருகும் தூய படிகங்கள் கிடைக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் விளைச்சல் குறைவாக வருகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் குலுக்குவதில். பென்சால்டிஹைடும் காரக் கரைசலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பால்மம் ஆகாமல் விட்டால் இரவு முழுவதும் இரண்டு அடுக்குகளாகவே கிடக்கும். காலையில் குடுவையில் கூழுக்குப் பதில் எண்ணெய் மிதந்தால் காரணம் இதுதான்.

அடுத்தது பழைய பென்சால்டிஹைடு. திறந்த பாட்டிலில் காற்றே அதைப் பென்சாயிக் அமிலமாக்கிவிடும். வாய்ப்பகுதியில் வெள்ளைப் படிகம் ஒட்டியிருந்தால் ஐயமே வேண்டாம். அந்த அமிலம் காரத்தைத் தின்னும், எடைக் கணக்கையும் கெடுக்கும். சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி, உலர்த்தி, வடித்த பிறகே பயன்படுத்துங்கள்.

பைசல்பைட் கழுவலைத் தாண்டிப் போனவர்களுக்கு வடிப்பின் தொடக்கத்திலேயே, 179 டிகிரி அருகில், வினைபுரியாத ஆல்டிஹைடு இறங்கும். பொருளில் வாதுமை மணம் தூக்கலாக இருக்கும். நீர்க் குளிர்விப்பானைக் கழற்றாமல் 200 டிகிரி ஆவியைச் செலுத்தினால் கண்ணாடி விரிசல் விடலாம். காற்றுக் குளிர்விப்பான் சொல்வது அதற்காகத்தான். கண்ணாடி அடைப்பானை இரவு முழுவதும் காரத்தோடு வைத்தால் அது குடுவையோடு இறுகிப்போகும். பழைய ஈதரில் பெராக்சைடு இருக்கலாம், பொட்டாசியம் அயோடைடு கரைசலால் சோதித்து விடுங்கள்.

பாதி ஆல்டிஹைடு வீணாகிறதே, வேறு வழி உண்டா?

உண்டு. ஃபார்மால்டிஹைடைச் சேர்த்துச் செய்யும் குறுக்குக் கன்னிசாரோவில் ஃபார்மால்டிஹைடே ஃபார்மேட்டாகித் தியாகம் செய்யும். பென்சால்டிஹைடில் பெரும்பகுதி ஆல்கஹாலாகும். அதைவிட எளியது சோடியம் போரோஹைட்ரைடு. 10.6 கிராம் பென்சால்டிஹைடுக்குக் கணக்குப்படி 0.95 கிராம் போதும், நடைமுறையில் 1.5 கிராம் எடுப்பது நல்லது. குளிர்ந்த எத்தனாலில் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சூடேறி நுரைத்துவிடும். முடிவில் நீர்த்த அமிலம் விடும்போது ஹைட்ரஜன் வரும், புகைப்போக்கிப் பெட்டிக்குள் செய்யுங்கள்.

தொழிற்சாலையில் எப்படி?

டொலுவீனில் தொடங்குவார்கள். அதன் பக்கக் கார்பனில் குளோரின் ஏற்றினால் பென்சைல் குளோரைடு. அதை சோடியம் கார்பனேட் கரைசலோடு சூடாக்கிக் கலக்கினால் ஆல்கஹால், உப்பு, கார்பன் டை ஆக்சைடு. 100 கிலோ பென்சைல் குளோரைடுக்கு அதிகபட்சம் 85.4 கிலோ. உருவான ஆல்கஹாலே மீதமுள்ள குளோரைடோடு சேர்ந்து டைபென்சைல் ஈதராகிவிடுவது இதிலுள்ள தொல்லை. பத்தில் ஒரு பங்கு வரை அதற்குப் போகலாம். அதன் கொதிநிலை 298 டிகிரி, ஆகவே வெற்றிட வடிப்பில் பிரித்துவிடலாம். பென்சால்டிஹைடை ஹைட்ரஜனேற்றும் வழியும் நடப்பில் உள்ளது. அதில் குளோரின் எச்சம் குறைவு.

வாசனைப் பொருள், மருந்து இரண்டுக்கும் குளோரின் எச்சமற்ற தரமே வேண்டும். விலைப்பட்டியலில் இரண்டு தரங்கள் இருந்தால் வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான். தோலில் படும் எதற்கும் மலிவான தொழில்துறைத் தரத்தை வாங்காதீர்கள்.

எங்கள் பாட்டிலில் வாதுமை மணம் வருகிறது. கெட்டுவிட்டதா?

காற்று பட்டு ஒரு பகுதி பென்சால்டிஹைடாகியிருக்கிறது. வண்ணப்பூச்சு, எபாக்சி (தரைப்பூச்சுப் பிசின்) வேலைக்கு அதனால் பெரிய கேடில்லை. மருந்துக்கோ அழகுசாதனத்துக்கோ வேண்டாம். பெரிய பாட்டிலில் கால்வாசி மட்டும் மீதமிருப்பது மோசமான நிலை, ஏனெனில் முக்கால்வாசி காற்று. சிறிய பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளில் நிரம்ப ஊற்றி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கண்ணாடியும் பாலிப்ரோப்பிலீனும் பாதுகாப்பு. பாலிஸ்டைரீன் இதில் இளகும், இயற்கை ரப்பர் ஊறும்.

ஊசி மருந்தில் ஏன் சேர்க்கிறார்கள்?

பல முறை ஊசி குத்தி எடுக்கும் குப்பிகளில் கிருமி வளராமல் தடுக்க. "பாக்டீரியா தடுப்பு நீர்" எனப்படும் கரைப்பு நீரில் 0.9 சதவீதம், அதாவது மி.லி.க்கு 9 மில்லிகிராம், இருக்கும். 75 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் ஊசிகள் சிலவற்றில் 4 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். லேசாக மரத்துப்போகச் செய்யும் குணமும் இதற்கு உண்டு, குத்தும் வலி சற்றுக் குறையும்.

பச்சிளங்குழந்தைக்குக் கூடாது என்கிறார்களே, ஏன்?

இதைக் கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள். வளர்ந்தவர் உடலில் பென்சைல் ஆல்கஹால் பென்சால்டிஹைடாகி, பென்சாயிக் அமிலமாகி, கல்லீரலில் கிளைசினோடு சேர்ந்து ஹிப்பூரிக் அமிலமாகச் சிறுநீரில் போய்விடுகிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கடைசிப் படி இன்னும் முதிரவில்லை. பென்சாயிக் அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது, இரத்தம் அமிலமாகிறது, குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது.

1982-இல் அமெரிக்காவில் வெளிவந்த மருத்துவ அறிக்கைகள் இதற்கு மூச்சுத்திணறல் நோய்க்குறி என்று பெயரிட்டன. குறைமாதக் குழந்தைகளின் நாளக்குழாய்களை அலசப் பயன்படுத்திய உப்பு நீரில் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் இருந்தது. இறந்த குழந்தைகளுக்குச் சென்ற அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 99 முதல் 234 மில்லிகிராம் எனக் கணக்கிடப்பட்டது. ஒரு கிலோ எடைக் குழந்தைக்கு 99 மில்லிகிராம் என்பது வெறும் 11 மி.லி. திரவம். ஒவ்வொரு முறையும் ஒரு மி.லி. என்று அலசினால் ஒரே நாளில் எட்டிவிடும் அளவு. அதே ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பச்சிளங்குழந்தைகளுக்கு இத்தகைய திரவங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது.

பச்சிளங்குழந்தைக்கான மருந்தைக் கரைக்கவும் குழாயை அலசவும் பாதுகாப்பான் (கிருமி வளராமல் தடுக்கும் பொருள்) சேராத நீரும் உப்புக் கரைசலும்தான் வேண்டும். செவிலியர்கள் குப்பியின் பெயரோடு நிற்காமல் அடியிலுள்ள சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும்; இரண்டு குப்பிகளும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

உணவில் அனுமதி உண்டா?

ஐரோப்பாவில் இ 1519 என்ற எண்ணில், முக்கியமாகச் சுவையூட்டிகளுக்கான கரைப்பானாக. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் வகுத்த ஏற்கத்தக்க அளவு, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம்.

வீட்டில் செய்யும் கிரீமில் பாதுகாப்பானாக எவ்வளவு சேர்க்கலாம்?

ஐரோப்பிய விதிப்படி அழகுசாதனத்தில் பாதுகாப்பானாக உச்ச வரம்பு 1 சதவீதம். 200 கிராம் கிரீமுக்கு 0.8 சதவீதம் என்றால் 1.6 கிராம், ஏறத்தாழ 1.5 மி.லி. சொட்டுக் கணக்கில் ஊற்றாதீர்கள், தராசில் நிறுங்கள். கிரீம் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு சேர்த்து நன்றாகக் கலக்குங்கள்.

சேர்த்தும் பூஞ்சை வருகிறது என்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று பிஹெச்: 5-க்குக் கீழே நன்றாக வேலை செய்யும், 8-ஐத் தாண்டினால் ஏறக்குறையப் பயனில்லை. காரத்தன்மையுள்ள சோப்பில் இதை நம்பிப் பயனில்லாதது அதனால்தான். மற்றொன்று பாலிசார்பேட் 80 போன்ற அயனியற்ற பால்மமாக்கிகள். இவை பென்சைல் ஆல்கஹாலைத் தம் நுண்துளிகளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், கிருமியிடம் போய்ச் சேராது. கிராம் நெகட்டிவ் எனும் வகைப் பாக்டீரியா மீது இதன் வலு குறைவு. ஆகவே தண்ணீர் கலந்த பொருளில் இதை மட்டும் வைத்து முடிக்காமல், டீஹைட்ரோஅசிட்டிக் அமிலம் போன்ற துணையோடு சேர்ப்பதே முறை. சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரும். விற்பதாக இருந்தால் சீட்டில் பெயரைப் போடுங்கள்.

பேன் மருந்தாகப் பயன்படுகிறதாமே?

5 சதவீத லோஷனுக்கு அமெரிக்காவில் 2009-இல் ஒப்புதல் கிடைத்தது. பேன் தன் மூச்சுத்துளைகளை மூட இயலாமல் செய்து, லோஷன் உள்ளே புகுந்து மூச்சடைக்க வைக்கிறது. ஈரைக் கொல்லாது. அதனால் ஏழு நாள் கழித்து, ஈர் பொரித்த பிறகு, மறுபடி தடவ வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. வீட்டில் கலந்து பார்க்கும் வேலை வேண்டாம். நம்மூர் மருந்துக்கடைகளில் சிரங்குக்குக் கிடைக்கும் 25 சதவீத பென்சைல் பென்சோயேட் இதன் எஸ்டர். அது வேறு மருந்து.

எபாக்சித் தரையிலும் பெயின்ட் நீக்கியிலும் என்ன வேலை?

எபாக்சியின் அமீன் கடினமாக்கிகளில் பெரும் பங்கு பென்சைல் ஆல்கஹாலாகவே இருப்பதுண்டு. கெட்டியான அமீனை இளக்கும், வினையைத் துரிதப்படுத்தும், ஈரக் காற்றில் மேற்பரப்பில் வரும் வெளிறிய பிசுபிசுப்பைக் குறைக்கும். ஆனால் அது பிசினோடு பிணையாமல் இடையில் தங்கும். "கொஞ்சம் ஓட்டமாக இருக்கட்டும்" என்று தளத்தில் கூடுதலாக ஊற்றினால், தரை நாள்பட மென்மையாகவே கிடக்கும், கரைப்பான் பட்டால் ஊதும்.

பெயின்ட் நீக்கியாக இது மெத்திலீன் குளோரைடுக்கு மாற்று. அதன் ஆவியால் உயிரிழப்புகள் நேர்ந்ததால், பொதுமக்களுக்கான பெயின்ட் நீக்கிகளில் அதை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது. பென்சைல் ஆல்கஹால் மெதுவாக ஊறும். நிமிடக் கணக்கு செல்லாது, மணிக்கணக்கு ஆகும். கெட்டியாகப் பூசி, மேலே பாலித்தீன் தாள் போர்த்தி விட்டுவிட்டு, பூச்சு சுருங்கி எழும்பிய பிறகு சுரண்டுங்கள்.

ஆல்கஹால்தானே, சானிடைசரில் போடலாமா?

கூடாது. சானிடைசருக்கு 60 முதல் 80 சதவீதம் எத்தனாலோ ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலோ வேண்டும். அந்த அடர்த்தியில் பென்சைல் ஆல்கஹால் தோலை எரிக்கும், உலரவும் உலராது. குடிப்பது நேரடி ஆபத்து.

கையில், கண்ணில் பட்டால், கீழே கொட்டினால்?

தோலில் பட்டால் சோப்பும் நீரும் போதும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள். தீப்பற்று நிலை 90 டிகிரிக்கு மேல் என்பதால் எத்தனால் போலச் சட்டென்று பற்றாது. ஆனால் சூடான தகட்டில் கொட்டினால் பற்றும். தரையில் சிந்தியதை மணலிலோ மரத்தூளிலோ உறிஞ்ச வைத்து, மூடியுள்ள டப்பாவில் அள்ளிப் போடுங்கள். வழுக்கும் என்பதால் அந்த இடத்தைச் சோப்பு நீரால் இரண்டு முறை துடைத்த பிறகே நடக்க விடுங்கள்.